எந்த லினக்ஸ் என்பது கடைசிக் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒருவர் "லினக்ஸ் போட்டுக்குங்க, வேகமும் கூடும், கேமும் ஓடும்" என்று சொல்லியிருந்தார். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால்தான், போட்ட ஒரு வாரத்தில் "லினக்ஸ்ல கேம் திக்கித் திக்கித்தானுங்க ஓடுது" என்று பலர் திரும்பி வருகிறார்கள். அப்படி வருகிற இயந்திரங்களைத் திறந்து பார்த்தால் குற்றம் லினக்ஸில் இருப்பது குறைவு. விசிறியில் பஞ்சு, ஒற்றை ராம், தப்பான பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவா மின்ட்டா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் இந்த மூன்றையும் பார்ப்பதே இல்லை.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னமும் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. 2 ஜிபி, 4 ஜிபி ராம் கொண்டவை. அவற்றோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு மறந்திருக்கும். இன்னொரு வகை, திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகங்களிலும் கோவைக் கல்லூரி லேப்களிலும் கழித்துவிட்ட இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள். இன்டெல்லில் விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறைச் சில்லும் (பிராசஸர்) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். அதனால் இவை மலிவு விலைக்கு வெளியே வருகின்றன. தலைமுறையை அறிய, சில்லின் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ3-6006யு என்றால் ஆறு, ஐ5-10210யு என்றால் பத்து. லினக்ஸில் விளையாட, ஆறு என்பதை வாசற்படியாக வைத்துக்கொள்ளலாம். ஏன் ஆறு என்று பின்னால் சொல்கிறோம்.

இனி பஞ்சு. வேறு ஊர்க்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது வராது, ஏனென்றால் அவர்களுக்கு இது இல்லை. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடு, திருப்பூரில் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்து அறை, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில் இருக்கும் தெரு, இங்கெல்லாம் காற்றிலேயே நூல் பஞ்சு மிதக்கும். மண் தூசி விசிறியைக் கடந்து பாதி வெளியே போய்விடும். பஞ்சு அப்படிப் போகாது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி போல ஒரு பாய் விரித்துவிடும். வெளியே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் சுத்தமாகவே தெரியும், ஏனென்றால் பாய் இருப்பது உட்புறம்.

அதனால்தான் கடையில் வெளித் துளை வழியாக புளோயர் அடித்துக் கொடுப்பது இங்கே பலன் தராது. அந்தப் பாய் கொஞ்சம் மடங்கி விசிறிக்குள்ளேயே விழும், பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, புளோயர் காற்றில் விசிறி தன் வேகத்துக்கு மேல் சுழன்று பேரிங் தேயும். அடித்தே ஆகவேண்டும் என்றால் ஈர்க்குச்சி ஒன்றை இறக்கைக்கு நடுவே செருகி, விசிறி சுற்றாமல் நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும்.

சரியான முறை திறப்பதுதான். சார்ஜரைக் கழற்றி, அணைத்து, அடி மூடியின் திருகாணிகளை எடுங்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே வையுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் முடுக்கினால் மேல்பக்க பிளாஸ்டிக்கை அது பொத்துக்கொண்டு வரும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விடுவிப்பது. பிறகு விசிறியின் மூன்று அல்லது நான்கு திருகாணி, ஒரு சின்ன ஒயர். விசிறியை மட்டும் தூக்கினால் போதும், பாய் முழுசாகக் கையோடு வரும். தகடுகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நீளவாக்கில் தடவிவிடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றாமல் இருந்தால், அதற்கும் சில்லுக்கும் நடுவே சூடு கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்ற வேண்டியதில்லை. கழற்றினால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஹீட்சிங்கின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அடித்திருப்பார்கள். முடுக்கும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. லேப்டாப்பில் சில்லு மூடியில்லாமல் இருப்பதால், பேஸ்ட் அதன் முழுப் பரப்பையும் மெல்லிசாக மூட வேண்டும். இட்லி மாவு மாதிரி அப்பினால் சூடு இறங்காது. தறி ஓடும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்.

பொள்ளாச்சி பக்கம் நார் மில் அருகே இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. நார்த்தூள் பாய் விரிக்காது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ராம் ஸ்லாட்டிலும் கனெக்டரிலும் அது உட்கார்ந்தால் திடீர் திடீரென்று இயந்திரம் நின்றுபோகும். "போர்டே போச்சுங்க" என்று சொல்லக் கேட்டால், ராமை எடுத்து அதன் தங்கப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

பஞ்சுதான் காரணமா என்பதை விளையாட்டு ஓடும்போதே பார்க்கலாம். மாங்கோஹட் என்ற கருவியை நிறுவினால் திரையின் மூலையில் வேகம், வெப்பம், சில்லின் கிகாஹெர்ட்ஸ் எல்லாம் ஓடும். வெப்பம் 95 டிகிரியைத் தொட்டு, அதே நேரத்தில் கிகாஹெர்ட்ஸ் சரிந்தால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே மெதுவாகிறது. அதாவது சூடு. வெப்பம் 50 டிகிரியில் இருக்கும்போதே கிகாஹெர்ட்ஸ் 0.8-இல் ஒட்டிக்கொண்டு ஏறவே மாட்டேன் என்றால் பஞ்சைக் குற்றம் சொல்லாதீர்கள். சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடு ஊசி, "நான் இத்தனை வாட்" என்று போர்டுக்குச் சொல்லும். டூப்ளிகேட் சார்ஜரோ உடைந்த ஊசியோ அதைச் சொல்லாவிட்டால், போர்டு பயந்துகொண்டு சில்லைக் கட்டிப்போட்டுவிடும். பேட்டரி அடியோடு செத்த லேப்டாப்களிலும் இதே கதை நடப்பதுண்டு. எத்தனை லினக்ஸ் மாற்றினாலும் இது தீராது.

அடுத்தது ராம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரையும் பகுதி, ராமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. டிடிஆர்4-2400 என்ற வகை ராம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 19.2 ஜிபி போக்குவரத்து. இரண்டு மாட்டினால் 38.4. ஒரே எட்டு ஜிபியைவிட நாலும் நாலும் விளையாட்டுக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான். மற்ற வேலைகளில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, கேமில் கண்கூடாகத் தெரியும். இரண்டாவது ஸ்லாட் காலியா என்று திறக்காமலே பார்க்க, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் சொல்லும். புது ராம் இப்போது விற்கிற விலைக்கு, கழித்த இயந்திரத்தில் இருந்து எடுத்த பழைய ராம் போதும். வாங்கும் முன் வகையைப் பாருங்கள். நாலாம் தலைமுறை முதலான டிடிஆர்3 லேப்டாப்கள் கேட்பது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். 1.5 வோல்ட் பழைய டிடிஆர்3 அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் திரை வராது. மாட்டியதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, ஒரு பிழை வந்தாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம். அது விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்கும், ஓடும் வேகத்தைக் கூட்டாது.

மேசைக் கணினியாக இருந்து, கிராபிக்ஸ் கார்டு ஒன்று போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிடி 710 இன்றும் புதுப் பெட்டியில் கிடைக்கிறது. வாங்காதீர்கள். என்விடியாவின் பழைய கெப்ளர் வகை அது, அதற்குப் புது டிரைவர் வருவது 470 வரிசையோடு நின்றுவிட்டது. ஜிடி 1030 பரவாயில்லை. 30 வாட்டில் ஓடும், அலுவலகங்கள் கழித்த சின்னப் பெட்டியிலும் உட்காரும், தனி பவர் ஒயர் வேண்டாம். ஆனால் ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஜிடிடிஆர்5 உள்ளதில் நினைவகப் போக்குவரத்து வினாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதில் ஏறத்தாழ 17. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். என்விடியா இதற்கும் 580 வரிசையோடு புது டிரைவர்களை நிறுத்திவிட்டது, ஆகவே அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் எந்த லினக்ஸ் என்ற கேள்வி. 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பும் தாங்கும். 2029 வரை ஆதரவு உண்டு. வேறு எதையாவது பழகியிருந்தால் அதுவே இருக்கட்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், முதலில் அதில் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதற்குக் காரணம் புரோட்டான் என்ற மென்பொருள். 1993-இலிருந்து வளர்ந்துவரும், விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் விளையாட்டுக் கடைச் செயலியான ஸ்டீமுக்குள் அதைக் கொண்டுவந்தது. படம் வரையச் சொல்லி விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் மொழியில் கேட்பதை, டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸிலும் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றிச் சொல்லும். வாசற்படி ஆறு என்றது இங்கேதான் வருகிறது. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம். ஆறாம் தலைமுறையிலிருந்து அது எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறது. நாலாம் தலைமுறையில் வல்கன் அரைகுறை. விளையாட்டின் பிராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், புரோட்டான் 7.0 அல்லது 6.3-ஐத் தேர்ந்தெடுத்தால் பழைய கேம்கள் பல ஓடும், எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் தலைமுறையில் வல்கனே கிடையாது. அங்கே டைரக்ட்எக்ஸ் 9 காலத்து விளையாட்டுகளை, லூட்ரிஸ் மென்பொருளில் டிஎக்ஸ்விகேயை அணைத்துவிட்டு, ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் மொழி வழியாக ஓட்டலாம்.

உங்கள் இயந்திரம் எந்த வரிசை என்று சந்தேகம் இருந்தால், வல்கன்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, டெர்மினலில் வல்கன்இன்ஃபோ கட்டளையைச் சுருக்கம் கேட்டு ஓட்டுங்கள். பதிப்பு எண் வரும். அதில் கிராபிக்ஸ் பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்று மட்டும் வந்தால், டிரைவர் ஏறவில்லை, படத்தை எல்லாம் சில்லே கையால் வரைகிறது என்று அர்த்தம். என்விடியா கார்டில் இது வந்தால் பெரும்பாலும், கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்தான் தடை. பயாஸில் அதை அணைத்தாலோ, டிரைவர் நிறுவும்போது கேட்ட கடவுச்சொல்லை அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் கொடுத்தாலோ சரியாகும். அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து அவசரமாக எண்டர் அடித்துத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது பார்ட்டிஷன். பஞ்சுக்கு அடுத்தபடி நேரத்தைத் தின்பது இதுதான். விண்டோஸின் டி டிரைவில் ஏற்கெனவே விளையாட்டுகள் இருக்கும். ஸ்டீமில் அந்த டிரைவைச் சேர்த்தால், அது ஒப்புக்கொள்ளும், பட்டியலும் காட்டும். பிளே அழுத்தினால் ஒரு நொடி பச்சையாகி மறுபடி பிளே என்றே நிற்கும். பிழைச் செய்திகூட வராது. காரணம் இது: புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் காம்ப்டேட்டா என்ற கோப்புறையில் ஒரு போலி சி டிரைவை உண்டாக்கி, பெயரில் முக்காற்புள்ளி (:) கொண்ட இணைப்புகளை அதில் வைக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி கூடாது. ஒருவேளை உருவாகிவிட்டாலும், அடுத்தமுறை விண்டோஸ் டிஸ்க் சோதனை ஓடும்போது பிழை என்று நினைத்து அழித்துவிடும்.

தீர்வு, விளையாட்டுக்கென்று, லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் பார்ட்டிஷன் ஒன்று. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி டிரைவைச் சுருக்கி 80 அல்லது 100 ஜிபி காலியிடம் விடுங்கள், லினக்ஸில் டிஸ்க்ஸ் கருவியால் அதை எக்ஸ்ட்4 ஆக்குங்கள். இங்கே இன்னொரு குழி உண்டு. புதிதாக உருவான பார்ட்டிஷன் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாக இருக்கும், எழுத அனுமதி இல்லை என்று ஸ்டீம் மறுக்கும். உரிமையை உங்கள் பயனர் பெயருக்கு மாற்றிவிட்டு, ஸ்டீமின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள். டி டிரைவில் இருக்கும் கேமை மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டாம். விளையாட்டின் கோப்புறையைப் புது இடத்தில் காமன் என்ற கோப்புறைக்குள் காப்பி செய்து, பிறகு இன்ஸ்டால் கொடுத்தால், இருப்பதைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். மாதாந்திர மின்தடை நாளில் இந்தக் காப்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

ஸ்டீமை எங்கிருந்து நிறுவுவது என்பதும் முக்கியம். உபுண்டு தரும் ஸ்னாப் வடிவம் வேண்டாம், தொல்லை அதிகம். டெப் வடிவம் போதும். 4 ஜிபி இயந்திரத்தில் ஸ்டீமே கணிசமான ராமைத் தின்னும். செட்டிங்ஸில் லைப்ரரி பக்கம் லோ பெர்ஃபார்மன்ஸ் மோட், லோ பேண்ட்வித் மோட் இரண்டையும் போட்டு, வியூ மெனுவில் ஸ்மால் மோடுக்கு மாற்றிவிட்டால் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். பிரவுசரை மூடிவிட்டு விளையாடுங்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அதோடு இசட்-ராம். ராமில் இருக்கும் தகவலை ராமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. ஃபெடோரா என்ற லினக்ஸில் 2020-இலிருந்து தானாகவே உண்டு. மின்ட்டில் இசட்-ராம்-டூல்ஸ் நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சுருக்கும் முறையை இசட்எஸ்டிடி என்றும் அளவை 50 விழுக்காடு என்றும் வையுங்கள். ராம் நிறைந்தால் எடுத்துவைக்க ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் இடம் வைத்துக் கரகரவென்று தேய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

விளையாட்டுக்குள் மாற்ற வேண்டியதில் முதன்மையானது ரெசல்யூஷன். 1920-க்கு 1080 என்பதை 1280-க்கு 720 ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 44 விழுக்காடாகக் குறையும். அதன்பின் நிழல். மற்றவற்றை அப்படியே விடலாம். வேகத்தை வினாடிக்கு 30 படத்தில் கட்டுவது நல்லது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 சீராக விழும். 40, 45 என்று வைத்தால் எண் பெரிதாகத் தெரியும், கண்ணுக்கு உதறும். விளையாடும்போது சில்லை முழு வேகத்தில் வைக்கும் கேம்மோட் என்ற கருவியைப் பலர் மந்திரம் போலச் சொல்கிறார்கள். தனி கார்டு உள்ளவர்களுக்குச் சரி. 15 வாட் லேப்டாப்பில் சில்லும் கிராபிக்ஸும் ஒரே மின்சாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சில்லை முழு வேகத்துக்குத் துரத்தினால் கிராபிக்ஸுக்குப் பங்கு குறையும். மாங்கோஹட்டை வைத்துப் போட்டும் போடாமலும் பத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில்லின் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை அணைத்தால் வேகம் கூடும் என்று சொல்லும் யோசனை, யுபிஐ கணக்கும் அதே லேப்டாப்பில் இருக்கும் வீடுகளுக்கு ஆகாது.

ஓடாதவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபரில் லினக்ஸை வெளியே தள்ளிவிட்டது. ஜிடிஏ 5-இல் தனியாக விளையாடும் பகுதி ஓடும், ஆன்லைன் ஓடாது. இது இயந்திரக் குறை இல்லை, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்காததுதான் காரணம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் பிஜிஎம்ஐயும் போனிலேயே இருக்கட்டும். எதையும் காசு கொடுத்து வாங்கும் முன், லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தேடி, பிளாட்டினம், கோல்டு என்றிருந்தால் மட்டும் வாங்குங்கள். பென் டிரைவில் கைமாறும் ரீபேக் (சுருக்கிக் கட்டிய திருட்டு) கேம்கள் வேண்டாம். விரிப்பதற்கே ராம் முழுவதையும் விழுங்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஹீரோயிக் என்ற லாஞ்சரில் எபிக் விளையாட்டுக் கடையின் கணக்கைச் சேர்த்தால் வாரம் ஒரு விளையாட்டாவது காசில்லாமல் வரும்.

ஐ3-6006யு, நாலும் நாலும் எட்டு ஜிபி என்றால் ஹாஃப்-லைஃப் 2, போர்ட்டல் 2, லெஃப்ட் 4 டெட் 2, டெராரியா, ஹாலோ நைட் எல்லாம் லினக்ஸுக்கென்றே வந்த பதிப்பிலேயே ஓடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 எதிர்பார்க்காதீர்கள், பழைய 1.6 பிரமாதமாக ஓடும். பரண் மேல் கிடக்கும் 2 ஜிபி அரசு மடிக்கணினியில் ஸ்டீமே வேண்டாம். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஓபன்டிடிடி, வெஸ்நாத், ஹெட்ஜ்வார்ஸ், கிராபிக்ஸைக் குறைத்து வைத்த சூப்பர்டக்ஸ்கார்ட் ஆகியவை கணக்கு எதுவும் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கும். யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் மாட்டியும் பட்டன்கள் தாறுமாறாக வேலை செய்தால், நடுவில் இருக்கும் மோட் பட்டனை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மலிவான ஜாய்ஸ்டிக் பலவற்றில் விளக்கு மாறி, எக்ஸ்பாக்ஸ் முறைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் சிலர்,
பல்லடம்.